பலகையைப் படிப்போம், கணக்கைக் கேட்போம்
(மும்பை தாராவியில் உள்ள ஓர் எழுத்தறிவு மையத்தில், ஒரு தொண்டர் பேசிய பேச்சு)



இன்று புதுப் பாடம் இல்லை. புத்தகத்தை மூடி வையுங்கள். நோட்டும் பென்சிலும் மட்டும் கையில் இருக்கட்டும். இன்று நாம் ஒரு கணக்குப் போடப் போகிறோம்.

நம் தெருமுனையில் ஒரு புதுப் பலகை வைத்திருக்கிறார்கள். எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேற்று நம் ஆச்சி அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இலவசத் தையல் பயிற்சி. மூன்று மாதம். வேலை உறுதி." படித்து முடித்ததும் ஆச்சி முகத்தில் என்ன சந்தோஷம்! பலகையைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். நல்லது. பலகையில் எழுதியது உண்மையா என்று பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் படிப்புதான்.

இந்த வகுப்பில் 11 பேர் அந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். சிலர் வீட்டு வேலையை விடப் போகிறீர்கள். ஓர் அக்கா இட்லி வியாபாரத்தை நிறுத்தப் போவதாகச் சொன்னார். அதனால்தான் என் கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இதுவரை யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை.

என் கதை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நான் வீட்டில் சும்மா இருந்தேன். அப்போது ஒரு பயிற்சி மையத்தில் தையல் சேர்ந்தேன். எந்த மையம் என்று இப்போது வேண்டாம். அதுவும் இலவசம்தான். எங்கள் பேட்சில் 30 பேர். மூன்று மாதம் போனோம். தேர்வு வைத்தார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். போட்டோவும் எடுத்தார்கள். அம்மா அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

பிறகு ஒரு கார்கானாவுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே மாஸ்டர் என்னைப் பவர் மெஷினில் உட்கார வைத்தார். நான் பழகியது கால் மெஷின். பவர் மெஷினில் கால் வைத்ததுதான் தெரியும். துணி ஓடிவிட்டது. ஊசி உடைந்தது. இன்னொரு ஊசி போட்டுக் கொடுத்தார். அதுவும் உடைந்தது. மாஸ்டர் திட்டவில்லை. "உனக்கு மெஷின் தெரியலையேம்மா, போய்ப் பழகிட்டு வா" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று எனக்கு வந்த அழுகை இன்னும் மறக்கவில்லை. தப்பு என்னுடையது என்றே நினைத்தேன்.

ஒரு மாதம் போனது. பயிற்சி மையத்திலிருந்து போன் வந்தது. "யாராவது போன் பண்ணி வேலைக்குப் போறியான்னு கேப்பாங்க. போறேன்னு மட்டும் சொல்லிரும்மா" என்றார்கள். இரண்டு நாளில் அந்தப் போனும் வந்தது. கேட்டார்கள். நான் "போறேன்" என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன்? பயம். வெட்கம். சொல்லிக்கொடுத்தவர்களுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்ற நினைப்பு. ஒரு வார்த்தைதானே என்று நினைத்தேன்.

அந்த ஒரு வார்த்தை என்ன செய்தது தெரியுமா? மையத்தின் வாசலில் பலகை வைத்தார்கள். "எங்கள் மாணவர்களில் 75 சதவீதம் பேருக்கு வேலை." அந்த 75இல் நானும் ஒருத்தி. அந்தப் பலகையை நம்பி எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தி அடுத்த பேட்சில் சேர்ந்தார். சித்தி இரண்டு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு வீட்டுக்கு 3,000 ரூபாய். மாதம் 6,000 ரூபாய். இரண்டையும் விட்டார். மூன்று மாதத்துக்கு எவ்வளவு? போட்டுப் பாருங்கள். 18,000 ரூபாய்.

பயிற்சி முடிந்தது. சித்திக்கும் கார்கானாவில் வேலை நிற்கவில்லை. பழைய வீடுகளில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். பயிற்சி இலவசம் என்றார்கள். சித்திக்கு அது 18,000 ரூபாய்.

சித்தி என்னிடம் கேட்டார். "உனக்கு வேலை கெடைச்சிருச்சுன்னுதானே போர்டுல போட்டிருந்தாங்க?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நாங்களே எண்ணினோம்

அதன் பிறகு ஒரு வேலை செய்தேன். என்னோடு படித்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். ஒரு நோட்டு எடுத்தோம். எங்கள் பேட்சில் இருந்த 30 பேர் பெயரையும் எழுதினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போனோம். போனவர்களைப் போய்ப் பார்த்தோம். ஊருக்குப் போனவர்களிடம் போனில் கேட்டோம். நோட்டில் வந்த கணக்கு இது. நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

சேர்ந்தவர்கள் 30 பேர்.
கடைசி வரை வந்தவர்கள் 24 பேர்.
தேர்வில் தேறியவர்கள் 20 பேர்.
வேலைக்குப் போனதாக மையம் எழுதியவர்கள் 15 பேர்.
மூன்று மாதம் கழித்தும் தையல் வேலையில் இருந்தவர்கள் 6 பேர்.

மையம் எப்படி 75 சதவீதம் என்று எழுதியது? தேறிய 20 பேரில் 15 பேர். நூற்றுக்கு 75. கணக்கு சரிதான். ஆனால் எந்த எண்ணில் தொடங்கினார்கள் என்று பாருங்கள். 20இல் தொடங்கினார்கள். சேர்ந்தது 30 பேர் அல்லவா? இடையில் நின்ற 6 பேர் எங்கே? தேறாத 4 பேர் எங்கே? அவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே?

30இல் தொடங்கினால் 15 பேர் என்பது நூற்றுக்கு 50.

மூன்று மாதம் கழித்து நிலைத்தவர்கள் 6 பேர். 30இல் 6 என்றால் நூற்றுக்கு 20.

அதே பேட்ச். அதே ஆட்கள். ஒரு கணக்கில் 75. இன்னொரு கணக்கில் 20. எண் பொய் சொல்வதில்லை என்பார்கள். எண்ணை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

இன்னும் ஒன்று. அந்த 6 பேரில் இரண்டு பேருக்கு முன்பே தையல் தெரியும். அவர்கள் அப்பாவே கார்கானாவில் தைப்பவர். பயிற்சிக்கு வராவிட்டாலும் அவர்களுக்கு வேலை கிடைத்திருக்கும். அவர்களைக் கழித்தால் பயிற்சியால் வேலை பெற்றவர்கள் 4 பேர். மழை பெய்து நிறைந்த தொட்டியை நான்தான் நிறைத்தேன் என்று சொல்லக்கூடாது அல்லவா?

ஏன் இப்படி ஆனது?

எங்கள் மையத்தில் 6 மெஷின் இருந்தது. அதில் 2 ரிப்பேர். ஓடியது 4. தினமும் 4 மணி நேரம் வகுப்பு. நான்கு மெஷின், நான்கு மணி. மொத்தம் 16 மணி நேரம். நிமிடமாக்கினால் 960 நிமிடம். 30 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 32 நிமிடம்.

நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். கை மெஷினில் படுவது 32 நிமிடம். மற்ற நேரம் நோட்டில் எழுதினோம். மெஷினின் பாகங்களுக்குப் பெயர் எழுதினோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

தேர்விலும் எழுதத்தான் சொன்னார்கள். ஒரு சட்டைக்குக் காலர் வை, கை வை என்று யாரும் கேட்கவில்லை. கார்கானாவில் மாஸ்டர் எதைக் கேட்டார்? அதைத்தான் கேட்டார். தேர்வு ஒன்றை அளந்தது. வேலை வேறொன்றைக் கேட்டது. என் குறை அதுதான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அரசு எப்படி அளக்கிறது?

தொழில் பயிற்சி நம் நாட்டில் புதிது இல்லை. 1967இல் நம் மும்பையில், வொர்லியில், தொழிலாளர்களுக்காக ஒரு கல்வி நிலையம் தொடங்கினார்கள். அதன் பெயர் சிரமிக் வித்யாபீட். கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு எழுத்தும் தொழிலும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது அதன் நோக்கம். நம்மைப் போன்றவர்களுக்காகத் தொடங்கியது. 2000இல் இந்த நிலையங்களுக்கு ஜன் சிக்ஷன் சன்ஸ்தான் என்று பெயர் மாற்றினார்கள். மக்கள் கல்வி நிறுவனம் என்று அர்த்தம். 2018இல் இவை திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வந்தன. பள்ளிக்கூடம் போகாதவர்களும் புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களும் இங்கே சேரலாம்.

2015 ஜூலை 15ஆம் தேதி திறன் இந்தியா இயக்கம் தொடங்கியது. கோடிக் கணக்கானவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். இலக்கு பெரிதாக இருந்தால் என்ன நடக்கும்? தலையை எண்ணுவது சுலபம். தலைக்குள் போனதை எண்ணுவது கஷ்டம். 2016இல் சாரதா பிரசாத் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்தது. எண்ணிக்கையைத் துரத்துகிறார்கள், வேலை கிடைத்ததா என்பதைப் பார்ப்பதில்லை என்று அந்தக் குழு குறை சொன்னது.

2025 டிசம்பரில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பிரதமரின் திறன் பயிற்சித் திட்டத்தின் பதிவுகளை அதில் சோதித்திருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு, வங்கிக் கணக்கு எண் எழுத வேண்டிய இடம் காலியாகவோ வெறும் பூஜ்யமாகவோ இருந்தது. ஒரே போட்டோ பல பேருக்குப் போடப்பட்டிருந்தது. என்னைப் போல் போனில் "போறேன்" என்று சொன்னவர்கள் எத்தனை பேரோ!

நல்ல விதிகளும் இருக்கின்றன. அவற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் இருக்கும் நம் தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும் போனில் சொல்ல வேண்டும்.

கிராமத்து இளைஞர்களுக்காக 2014இல் தீனதயாள் உபாத்யாய கிராமீன் கவுசல்ய யோஜனா என்ற திட்டம் தொடங்கியது. "வேலை" என்றால் என்ன என்று அந்தத் திட்டம் ஒரு விதி வகுத்தது. ஒரு நாள் போனால் அது வேலை இல்லை. விடாமல் மூன்று மாதம் சம்பளம் வாங்கியிருக்க வேண்டும். சம்பளச் சீட்டோ வங்கிக் கணக்கோ காட்ட வேண்டும். அப்போதுதான் வேலை கிடைத்ததாக எழுதலாம். இந்த விதி என் பேட்சுக்கு இருந்திருந்தால் என் பெயர் அந்த 15இல் வந்திருக்காது. சித்தியும் ஏமாந்திருக்க மாட்டார்.

சொந்தத் தொழில் செய்ய விரும்புகிறவர்களுக்கு வேறொரு வழி உண்டு. 1982இல் கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். தர்மஸ்தலா மஞ்சுநாதேஸ்வரர் கல்வி அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து அதை நடத்தின. அதைப் பார்த்துத்தான் நாடு முழுவதும் மாவட்டந்தோறும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் வந்தன. வங்கிகள் இவற்றை நடத்துகின்றன. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். பயிற்சி சில வாரம்தான். ஆனால் பயிற்சி முடிந்து இரண்டு வருடம் வரை பின்னாலேயே வந்து விசாரிக்க வேண்டும். தொழில் தொடங்கினாயா? கடன் கிடைத்ததா? இன்னும் நடக்கிறதா? இதை வைத்துத்தான் அந்த நிலையத்துக்கு மார்க் போடுகிறார்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்? பயிற்சி முடிந்த அன்று அளக்கக்கூடாது. நாற்று நட்ட அன்று யாரும் நெல்லை அளப்பதில்லை. அறுத்த பிறகுதான் மரக்கால் எடுக்கிறோம்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

அக்காமாரே, பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என் பேட்சில் நிலைத்த ஒருத்தி இன்று பவர் மெஷினில் உட்கார்ந்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். பயிற்சிக்கு முன்னால் அவளுக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது. நல்ல பயிற்சி ஒரு வாழ்க்கையை மாற்றும். அதனால்தான் எது நல்லது என்று பார்த்துச் சேர வேண்டும். காய்கறி வாங்கும்போது கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோமே! மூன்று மாத வாழ்க்கையைக் கொடுக்கும்போது பார்க்க வேண்டாமா?

இந்தக் கேள்விகளை நோட்டில் எழுதுங்கள்.

ஒன்று. போன பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? எத்தனை பேர் கடைசி வரை வந்தார்கள்? நின்றவர்கள் ஏன் நின்றார்கள்?

இரண்டு. எத்தனை மெஷின் ஓடுகிறது? ஒரு நாளைக்கு ஒருவர் கையில் மெஷின் எத்தனை நிமிடம் இருக்கும்? கார்கானாவில் இருப்பது போன்ற மெஷின்தானா?

மூன்று. சொல்லிக்கொடுப்பவர் தொழிலில் இருந்தவரா? முதல் நாள் முதல் கடைசி நாள் வரை அவரே இருப்பாரா?

நான்கு. தேர்வை யார் வைக்கிறார்கள்? சொல்லிக்கொடுத்தவரே வைக்கிறாரா, வெளியிலிருந்து ஆள் வருகிறாரா? தைத்துக் காட்டச் சொல்வார்களா? சான்றிதழை யார் கொடுக்கிறார்கள்?

ஐந்து. மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள்? அவர்கள் கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு? அவர்களில் இரண்டு பேரை நாங்கள் பார்த்துப் பேசலாமா?

ஆறு. எழுதப் படிக்க இப்போதுதான் கற்றவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா?

இந்த ஆறாவது கேள்வி ஏன்? சில மையங்கள் கெட்டிக்காரர்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும். பத்தாவது படித்தவர், முன்பே தைக்கத் தெரிந்தவர், இவர்களை மட்டும் எடுக்கும். அவர்களுக்கு வேலை சுலபமாகக் கிடைக்கும். பலகையில் 90 சதவீதம் என்று போடலாம். ஆனால் நமக்கு அங்கே இடம் இல்லை. இன்னொரு மையம் நம்மைப் போன்றவர்களைச் சேர்த்து நூற்றுக்கு 50 பேரை நிலைக்க வைத்தால் அதுவே பெரிய சாதனை. ஆகவே எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். யாரைச் சேர்த்து அந்த எண் வந்தது என்று பாருங்கள்.

சம்பளத்தையும் இப்படித்தான் ஒத்துப் பார்க்க வேண்டும். "பயிற்சிக்குப் பிறகு மாதம் 8,000" என்று சொன்னால் உடனே மயங்கக்கூடாது. இப்போது நீங்கள் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்? பஸ் செலவு எவ்வளவு? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாருக்காவது கொடுக்க வேண்டுமா? எல்லாம் போக மிஞ்சுவது என்ன? அதுதான் உங்கள் லாபம்.

கேள்வி கேட்டால் கோபப்படுவார்களோ என்று பயப்படாதீர்கள். நல்ல மையம் சந்தோஷமாகப் பதில் சொல்லும். அரசுப் பணத்தில் நடக்கும் பயிற்சி என்றால் கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு. 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. வெள்ளைத் தாளில் எழுதி, உரிய கட்டணம் கட்டி, பணம் கொடுக்கும் அரசு அலுவலகத்தில் கேட்கலாம். எழுதத்தான் நமக்கு இப்போது தெரியுமே!

நாமும் உண்மை சொல்ல வேண்டும்

கடைசியாக ஒன்று. மையம் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். நாமும் சரியாக இருக்க வேண்டும். பயிற்சிக்குப் போய்விட்டு வந்தபின் யாராவது போனில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். வேலை கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. வராத நாளுக்குக் கைநாட்டோ கையெழுத்தோ போடாதீர்கள். கையெழுத்துப் போட எவ்வளவு பாடுபட்டோம்! அதைப் பொய்க்குக் கொடுக்கலாமா?

நான் ஒரு பொய் சொன்னேன். அது பலகையில் ஏறியது. அந்தப் பலகை சித்தியின் 18,000 ரூபாயை எடுத்துக்கொண்டது. சித்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதைப் போய் மத்தவங்ககிட்டச் சொல்லு" என்றார். இதோ சொல்லிவிட்டேன். சித்தி இன்று முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆறு கேள்விகளில் ஐந்தாவது அவர் சொன்னது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் புது மையத்துக்குப் போவோம். 11 பேரும் சேர்ந்து போவோம். நான் பேச மாட்டேன். ஆளுக்கு ஒரு கேள்வி நீங்களே நோட்டைப் பார்த்துப் படியுங்கள். பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து இங்கே உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்ப்போம். பதில் நன்றாக இருந்தால் திங்கட்கிழமையே சேருங்கள். முதல் நாள் நானே கூட வருகிறேன். பதில் சரியில்லை என்றால் வேறு மையம் தேடுவோம்.

இட்லி அக்கா, ஞாயிற்றுக்கிழமை வரை அடுப்பை அணைக்காதீர்கள்.


பேசிப் பார்ப்போம்

1. ஒரு மையத்தில் 40 பேர் சேர்ந்தார்கள். 25 பேர் தேறினார்கள். 20 பேர் வேலைக்குப் போனார்கள். மூன்று மாதம் கழித்து 10 பேர் வேலையில் இருந்தார்கள். பலகையில் "80 சதவீதம்" என்று எழுதினார்கள். அது எப்படி வந்தது? நீங்கள் எழுதினால் என்ன எழுதுவீர்கள்?

2. உங்கள் பகுதியில் பயிற்சி முடித்த ஐந்து பேரைப் பாருங்கள். இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

3. "போறேன்னு சொல்லிரும்மா" என்று உங்களிடம் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்?